மூன்று நிமிடத்தில் அமெரிக்கா

அமெரிக்காவைப் பற்றி எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அவற்றைக் கேட்டதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இறக்குமதித் தீர்வை. அதை ஏற்றுமதி செய்கிற நாடு கட்டுவதில்லை. பொருளை இறக்குகிறவன் கட்டுகிறான், பிறகு கடையில் வாங்குகிறவனின் தலையில் கட்டிவிடுகிறான். பெரும்பாலும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பொருளியல் படித்தவள். அந்தப் 'பெரும்பாலும்' இல்லாமல் எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இரண்டாவது, அவர்களுடைய தேர்தல். எந்த மாநிலம் யாருக்கு என்று பாதிக்கு மேல் முன்கூட்டியே தெரிந்த ஒரு நாட்டில், மிச்சமிருக்கும் நாலைந்து மாநிலங்களின் வாசலில் போய்க் கோடி கோடியாகக் கொட்டிவிட்டு, அதை உலகத்துக்கே பாடம் என்கிறார்கள். மூன்றாவது, விளையாட்டு. அங்கே தொழில்முறை அணிகளில் ஆகக் கேவலமாகத் தோற்ற அணிக்குத்தான் அடுத்த வருடத்து இளம் வீரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு இலவசமாகக் கொடுப்பதை ஆபத்தான கொள்கை என்று சொல்லும் முதலாளிகள், தங்களுக்குள் மட்டும் பொதுவுடைமை நடத்துகிறார்கள்.

இவ்வளவுதான். என் அபிப்பிராயங்கள் ஒரு பந்தியில் முடிந்துவிட்டன. எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணித்தியாலம் போதாது.

ஆண்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் என் கணவர், சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். இரண்டாமவர் அவருடைய அக்காவின் கணவர். என் கணவருக்கு அத்தான், எனக்கு முறைப்படி அண்ணை. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பழைய மாணவர் ஒன்றுகூடல், அரங்கேற்றம், மணிவிழா என்று எங்கு ஒலிவாங்கி இருந்தாலும் முதலில் அழைக்கப்படுகிறவர் அவர்தான். மூன்றாமவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர். கணினி வேலை. டல்லாஸில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மூவரிலும் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மூவரிலும் ஆகக் குறைவாகப் பேசுகிறவரும் அவர்தான்.

தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கும். அண்ணை நாலு மணிக்கே வந்துவிடுவார். அந்த இரண்டு மணித்தியாலம் அரசியலுக்கு.

"சீனாக்காரன் தீர்வையைக் கட்டட்டுமே. இவ்வளவு காலமும் சும்மா கொண்டுவந்து வித்தவன்தானே," என்று ஒரு ஞாயிறு அண்ணை சொன்னார்.

நான் ரோல்ஸ் தட்டோடு நின்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு முறை யோசித்துவிட்டு, "அதைச் சீனா கட்டிறதில்லை அண்ணை. அங்க சாமான் வாங்கிற சனம்தான் கட்டுது," என்றேன்.

அண்ணை ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். மென்று முடித்தார். "தங்கச்சி, போன முறையை விட இதில உறைப்புக் கொஞ்சம் காணாது."

"சிஸ்டர் சொல்றது கரெக்ட்தான் சார்," என்றார் பொறியியலாளர். "நான் டல்லாஸ்ல இருந்தப்போ ஒரு வாஷிங் மெஷின் வாங்கப் போய்..."

"டல்லாஸ் வேற தம்பி. டெக்சாஸ்காரர் மற்ற அமெரிக்கர் மாதிரி இல்லை. அவங்களின்ரை மனநிலையை நீங்கள் விளங்கிக்கொள்ளவேணும்."

டல்லாஸில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய மனிதர், மிச்சத்தில் வெண்டைக்காய் விற்கிறவரிடமிருந்து டெக்சாஸ்காரரின் மனநிலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையையும் ஆட்டினார். என் கணவர் அதைவிட வேகமாக ஆட்டினார். பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் போன முறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று என் கணவருக்கு மனப்பாடம். மகளின் தடுப்பூசி அட்டை எந்த லாச்சியில் இருக்கிறது என்று தெரியாது.

ஏன் அமெரிக்கா என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கிரிக்கெட் எங்கள் வீட்டில் ஓடாது. இலங்கை அணிக்குக் கைதட்ட அண்ணைக்கு மனம் வராது. இந்திய அணிக்குத் தட்டலாம் என்றால் இந்திய ராணுவம் ஊருக்கு வந்திருந்த காலம் குறுக்கே நிற்கிறது. இங்கிலாந்துக்குத் தட்டினால் வந்த இடத்துக்குக் கூஜா தூக்குவதுபோல இருக்குமாம். அதனால் தங்களை ஒருநாளும் அடித்திராத, தாங்கள் ஒருநாளும் அஞ்சியிராத ஒரு நாட்டில், ஏதோ ஒரு நகரத்தின் அணியைத் தேடிப் பிடித்து அதன் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அரசியலும் அப்படித்தான். அண்ணை இளம் வயதில் ஒரு மகஜரில் கையெழுத்து வைத்தவர் என்றும், அவரோடு வைத்த இரண்டு பேர் பிறகு வீடு திரும்பவில்லை என்றும் அவருடைய மனைவி, என் மச்சாள், ஒருமுறை என்னிடம் சொன்னாள். அப்படிப்பட்ட மனிதர் தூரத்து அரசியலைப் பேசத்தான் செய்வார் என்று நினைத்து ஒரு மாதம் அவரை மன்னித்திருந்தேன். பிறகு எங்கள் வாசலில் வாகனத் தரிப்பிட அதிகாரியோடு அவர் கால் மணிநேரம் சண்டை பிடித்ததைப் பார்த்தேன். அவரிடம் ஒரு துளி பயம் இல்லை. மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்தது சரியா என்று இன்னும் நிச்சயமில்லை.

இதெல்லாம் என் வீட்டு வரவேற்பறையோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். பன்னிரண்டு சொற்கள் பேசுவாள். அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் வசனம் வசனமாகப் பேசி அம்மாமாரைக் களைக்கப் பண்ணுகின்றன. நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசியதால் வந்ததா, கர்ப்பத்தில் நான் கவலைப்பட்டதால் வந்ததா, கைபேசியைக் காட்டிச் சோறு தீத்தியதால் வந்ததா என்று நான் யோசிக்காத நாள் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் பகுதிக் கவுன்சில் நடத்தும் சிறுவர் நிலையம் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அங்கே வருவார். என்னைவிட இளைய வெள்ளைக்காரப் பெண். நிலத்தில் முழங்காலில் இருந்து சவர்க்காரக் குமிழி ஊதுவார். நாலைந்து குமிழி ஊதிவிட்டுப் போத்தலை மூடிவிடுவார். பிறகு காத்திருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். பிள்ளை அவரைப் பார்க்கும், போத்தலைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். நான், "இன்னும் வேணும் எண்டு கேளுங்கோ செல்லம்," என்று வாய் திறப்பேன். பயிற்சியாளர் விரலை உதட்டில் வைப்பார். "அம்மா பேசக் கூடாது. அவளுக்கு நேரம் கொடுங்கள்."

அந்த அமைதி எனக்குப் பெரிய வேதனை. ஆனால் ஐந்தாவது செவ்வாய்க்கிழமை என் மகள் போத்தலில் கையை வைத்து, "ஊது," என்றாள். பதின்மூன்றாவது சொல். நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நிலையத்தின் கதவில் கவுன்சிலின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. செலவைக் குறைப்பதற்காக இந்த நிலையத்தை மூடி, எல்லாவற்றையும் ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் பெரிய நிலையத்துக்கு மாற்ற யோசிக்கிறார்களாம். மக்களின் கருத்தை வரவேற்கிறார்களாம். அந்தப் பெரிய நிலையத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். கவுன்சில் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்று நிலையத்தை நடத்துகிற பெண்மணி சொன்னார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஆறு தாய்மார் நிலத்தைப் பார்த்தோம். அந்த அமைதியையும் தாங்க முடியாமல் நான்தான் கையை உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் கையை உயர்த்தினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எழுத்து ஆங்கிலம் எனக்கு நல்லாக வரும். பேச்சு ஆங்கிலம் நாலு பேருக்கு முன்னால் போனால் தொண்டையில் நின்றுவிடும். ஆனாலும் எழுதினேன். நாலு நாள் எழுதினேன். பிள்ளைவண்டியோடு இரண்டு பேருந்து ஏறுவது என்றால் என்ன, பேருந்துக்குள் ஏற்கெனவே இரண்டு பிள்ளைவண்டி நின்றால் சாரதி கையை விரித்துவிட்டுப் போய்விடுவது, மூன்று வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலப் பயணத்தின் பிறகு எந்த நிலையில் போய் இறங்கும், அரை மணித்தியாலப் பயிற்சியில் எவ்வளவு மிஞ்சும். ஒரு பக்கம். சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன். இரண்டு நிமிடமும் ஐம்பது விநாடியும்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணீர் கொடுக்கும்போது கணவர்தான் கதையைத் தொடக்கினார். "இவ கவுன்சிலில பேசப் போறா அத்தான்."

அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "என்ன விசயம்?"

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இது சின்ன விசயம் இல்லை தங்கச்சி. இதுக்குப் பின்னால ஒரு உலகப் பொருளாதாரம் இருக்கு. சிக்கனம் எண்டு சொல்லிச் சனத்தின்ரை வயித்தில அடிக்கிறது எங்க தொடங்கினது? அமெரிக்காவில. பேச்சை என்னட்டை விடுங்கோ," என்றார்.

"சிஸ்டரே பேசலாமே சார். அவங்கதானே டெய்லி போறாங்க," என்றார் பொறியியலாளர்.

"பேசலாம் தம்பி. ஆனால் சபை எண்டது வேற. ஒரு சபையில எப்பிடி நிக்கவேணும் எண்டு ஒரு முறை இருக்கு."

"நீர் பதறுவீர்," என்றார் கணவர் என்னிடம். "போன முறை பாங்கில போன் எடுத்தவனுக்கே உம்மட பேரைச் சொல்லத் தடுமாறினனீர்."

நான், இல்லை, நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு நாள் எழுதிய தாள் சமையலறை லாச்சியில் இருந்தது. உண்மையில் அந்த நேரம் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதுகிறேன்: ஆறுதலாக இருந்தது. பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது போன்ற ஆறுதல். அவர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அவ்வளவு சந்தோசமாக என் மூன்று நிமிடத்தைத் தூக்கி அவர்களிடம் கொடுத்தேன். போய்த் தாளை எடுத்து வந்து, "இதை வாசிச்சால் காணும் அண்ணை," என்றேன். அவர் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பொயிண்ட்ஸுக்கு வைச்சுக்கொள்ளுறன்," என்றார்.

கூட்டம் ஒரு புதன்கிழமை, பின்னேரம் ஏழு மணிக்கு. அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி வந்திருந்தார். எங்கள் கவுன்சிலில் அவர் குடியிருக்கவில்லை என்பதைத் தலைவர் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார். முகவரியைக் கேட்டபோது மிச்சம் என்று சொன்னால் வேறென்ன செய்வார். நான் எழுந்து, பதிந்த பெயர் என்னுடையது, இவர் எனக்காகப் பேசுகிறார் என்றேன். தலைவர் சற்று யோசித்துவிட்டு அனுமதித்தார். மேசையில் மூன்று நிறத்தில் சின்ன விளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் தொடங்க வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஒரு நிமிடம் மிச்சம். சிவப்பு எரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

பச்சை எரிந்தது.

அண்ணை இரண்டு கையையும் கூப்பினார். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். ஒவ்வொரு கவுன்சிலருக்கு முன்னாலும் பெயர்ப்பலகை இருந்தது. அவர் இடது பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மதிப்புக்குரிய கவுன்சிலர் இன்னார் அவர்களே. ஒன்பது பேர். ஒவ்வொருவருடைய பெயருக்குப் பிறகும் சிறிய தலைவணக்கம். பெயர் சொல்லப்பட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தாங்களும் தலையைச் சரித்தார்கள். பிறகு அதிகாரிகள். பிறகு குறிப்பெடுக்கும் பெண். பிறகு இங்கே கூடியிருக்கும் தாய்மாரே, தந்தையரே, எதிர்காலச் சந்ததியினரே. எதிர்காலச் சந்ததியினர் என்று அங்கே இருந்தது தள்ளுவண்டியில் நித்திரையாகிப்போன ஒரே ஒரு குழந்தை.

எங்கள் ஆட்களின் எந்த மண்டபத்திலும் இது குற்றமில்லை. செய்யாமல் விட்டால்தான் குற்றம். ஒருவருடைய பெயர் தவறிப்போனால் அடுத்த வருடம் அவர் நன்கொடை தர மாட்டார். அண்ணை முப்பது வருடம் அப்படித்தான் பேசி வந்திருக்கிறார். அங்கே விளக்குக் கிடையாது.

வணக்கம் முடிந்ததும் அடக்கம். இவ்வளவு கற்றவர்கள் நிறைந்த சபையில் பேசுவதற்குத் தனக்குத் தகுதியில்லை என்று சொன்னார். அதை வேறு வேறு சொற்களில் மூன்று முறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போது மஞ்சள் எரிந்தது. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அலங்காரம் என்று நினைத்திருப்பார்.

"இப்பொழுது நீங்கள் அமெரிக்காவைப் பாருங்கள்," என்றார்.

ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள். அவர் வீட்டுக் கடன்களில் தொடங்கினார். வங்கிகள் விழுந்த கதைக்கு வந்தார். மத்திய வங்கியின் வட்டி வீதத்தைப் பிடித்தார். வாஷிங்டனில் வரவுசெலவு நிறைவேறாமல் அரசாங்க அலுவலகங்கள் பூட்டிக் கிடப்பதைச் சொல்லி, "அதே பாதையில்தான் நீங்களும்," என்று கையை நீட்டியபோது சிவப்பு எரிந்தது. சிறுவர் நிலையம் என்ற சொல்லை அவர் இன்னும் சொல்லவில்லை. தாள் சட்டைப் பைக்குள் நாலாக மடிந்தபடியே இருந்தது.

"நன்றி," என்றார் தலைவர்.

"ஒரே ஒரு நிமிடம், தலைவர் அவர்களே..."

"மன்னிக்கவும். நேரம் முடிந்துவிட்டது."

என் கணவர் கைதட்டினார். பொறியியலாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. வெறுப்பு என்ற சொல்லைப் பெரிய சொல் என்று நினைத்து நான் அதிகம் பாவிப்பதில்லை. அன்று அந்த மூன்று நிமிடத்துக்கு அதுதான் சரியான சொல்.

அப்போது ஓரத்தில் இருந்த ஒரு வயதான பெண் கவுன்சிலர் கையை உயர்த்தினார். காதில் கருவி போட்டிருந்தார். பேசியவரிடம் கவுன்சிலர்கள் கேள்வி கேட்கலாம் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. "எனக்கு ஒரேயொரு கேள்வி," என்றார். "இது மற்ற நிலையத்துக்கு மாறினால், உங்களால் அங்கே போய்வர முடியுமா?"

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியாது. மற்ற நிலையம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

இதைவிட நல்ல கேள்வியை அந்த அறையில் யாரும் எனக்குக் கேட்டிருக்க முடியாது. என் தாளின் முழுப் பக்கமும் அதற்கான பதில்தான். அந்த அம்மா காதைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். முகம் நல்ல முகம். அவசரமில்லாத முகம்.

"ஓம், போகலாம். பரவாயில்லை. சமாளிப்போம்," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டும் சொன்னேன்.

"மிக்க நன்றி," என்றார் அவர். எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். பிரசவ அறையில் தாதி, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது நாலு என்று சொன்னவள் நான். பத்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. பெரியவர் ஒருவர் கஷ்டமோ என்று கேட்டால் இல்லை என்பதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. கேட்கிறவரும் அதை நம்ப மாட்டார். இன்னும் இரண்டு தரம் கேட்பார். மூன்றாம் தரம்தான் உண்மையைச் சொல்லலாம். அந்த அம்மா ஒரு தரம்தான் கேட்டார். ஒன்பது பெயரை வரிசையாகச் சொல்லி மூன்று நிமிடத்தைக் கரைத்த மனிதரை நான் அவ்வளவு கேவலமாகப் பார்த்தேன். எனக்கு ஆறு விநாடி போதுமாக இருந்தது.

கார் தரிப்பிடத்தில் அண்ணை உற்சாகமாக நின்றார். "மூண்டு நிமிசம் காணாது. அமெரிக்காவில எண்டால் ஒரு செனட்டர் எழும்பினால் விடிய விடியப் பேசலாம். ஆரும் இருத்தேலாது. அது ஜனநாயகம்."

"அந்தப் போலந்துக்காரக் கவுன்சிலரின்ரை பேரை அத்தான் எவ்வளவு சரியாச் சொன்னவர், கவனிச்சனீரோ?" என்றார் என் கணவர். "அந்தாளின்ரை முகம் பூத்திட்டுது."

பொறியியலாளர் மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏன் சிஸ்டர் போகலாம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரையும் நான் மன்னிக்கவில்லை. இரண்டு வருடம் டல்லாஸில் இருந்துவிட்டு ஒரு வசனத்தை முடிக்கத் தெரியாதவர்.

கூட்ட அறிக்கை சில வாரத்தில் இணையத்தில் வந்தது. எங்கள் பகுதிக்கு இரண்டு வரி. முதல் வரியில், ஒரு பேச்சாளர் சர்வதேசப் பொருளாதார நிலைமை பற்றிக் கருத்துத் தெரிவித்தார். இரண்டாவது வரியில், நிலையத்தைப் பயன்படுத்தும் தாய் ஒருவர், மாற்று நிலையத்துக்குப் போய்வருவதில் சிரமம் இல்லை என உறுதிப்படுத்தினார். அந்த 'உறுதிப்படுத்தினார்' என்ற சொல்லை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. என் தாளை இணைத்துக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பணிவாக எழுதினேனா, அதிகம் பணிந்துவிட்டேனா என்று ஏழு முறை திருத்தினேன். பதில் மரியாதையாக வந்தது. அறிக்கை அன்று சொல்லப்பட்டதைச் சரியாகவே பதிவு செய்திருக்கிறது என்றார்கள். கருத்துக்கேட்பு முடிந்துவிட்டது என்றார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. சொன்னது நான்தான்.

மார்ச் மாதம் நிலையத்தை மூடினார்கள். மற்றத் தாய்மாரில் ஒருத்தி, சோமாலியாக்காரி, கடைசி நாள் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் அறிக்கையை வாசித்தாளா என்று எனக்குத் தெரியாது. வாசித்திருப்பாள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகள் இப்படி ஆகின. காலையில் முதல் பேருந்து, பதினொரு தரிப்பு. இறங்கி வீதியைக் கடந்து இரண்டாவதுக்குக் காத்திருப்பது. அது தகவல் பலகையில் நாலு நிமிடம் என்று காட்டும், பிறகு பலகையிலிருந்தே மறைந்துவிடும். ஏறி இருந்ததும் பிள்ளைக்கு நித்திரை வரும். பயிற்சியாளர் அதே பெண்தான். அதே குமிழிப் போத்தல். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைப்பாள். காத்திருப்பதற்கு அவருக்கு நேரமில்லை, எங்களுக்குப் பின்னால் அடுத்த தாய் நிற்பாள். ஆறு செவ்வாய்க்கிழமை போனோம். ஒரு புதுச் சொல்லும் வரவில்லை. 'ஊது' என்ற சொல்லையும் அவள் பிறகு சொல்லவில்லை.

ஏழாவது செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு. அண்ணை மிகவும் கவலையாக வந்து இருந்தார். அமெரிக்காவில் ஏதோ ஓர் அணியின் முதலாளி, நகரசபை புது மைதானம் கட்டித் தரவில்லை என்று கோபித்து, அணியையே தூக்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகிறானாம். அங்கே அணி என்பது ஊருடைய சொத்து இல்லை, முதலாளியின் தளபாடம். நினைத்தால் லொறியில் ஏற்றலாம்.

"பாட்டன் காலத்திலயிருந்து அந்த அணியைப் பாத்த சனம்," என்றார் அண்ணை. அவருக்குக் குரல் தழுதழுத்தது. நிசமாகவே. "இனி எங்க போவினம்? எத்தினை மைல்? அந்த ஊர்ச் சனத்தை ஒரு சொல்லுக் கேட்டவங்களோ?"

"அநியாயம் அத்தான்," என்றார் என் கணவர்.

நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "கேட்டிருப்பினம் அண்ணை," என்றேன். "ஆரோ ஒருத்தி எழும்பி, பரவாயில்லை, சமாளிப்பம் எண்டு சொல்லியிருப்பாள்."

பொறியியலாளர் தன் தட்டைப் பார்த்தார். அண்ணைக்கு விளங்கவில்லை, "ஆர் அது?" என்று கேட்டார். என் கணவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மரியாதையில்லாமல் பேசிவிட்டேனோ என்று கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள்.

கதவைப் பூட்டிவிட்டு வந்த கணவரிடம், "வாற செவ்வாய் நீங்கள்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியள்," என்றேன்.

"எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட்."

"ஒண்டுக்கு முதல் வந்திடலாம்."

"எந்த பஸ் எண்டு எனக்குத் தெரியாதே."

"விஸ்கான்சினில ஆர் வெல்லுவான் எண்டு தெரியும். இதையும் படியுங்கோ."

போனார். ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தார். தோளில் பிள்ளை, வாயிலிருந்து நீர் வடிந்து கணவரின் சட்டை நனைந்திருந்தது. வண்டியை வாசலில் விட்டுவிட்டுப் படிக்கட்டில் இருந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றவில்லை. "ரெண்டாவது பஸ் வரேல்ல," என்றார். "போர்ட்டில காட்டினது. வரேல்ல. போய்ச் சேர்ந்தால் பதினைஞ்சு நிமிசம்தான் மிச்சம். அந்தக் குமிழி ஊதுற பெட்டை நல்ல பெட்டை. இவள் கண்ணையே திறக்கேல்ல."

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சொல்ல நிறைய இருந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணை நாலு மணிக்கு வந்தார். எண்ணெய் விலையில் தொடங்கினார். என் கணவர் இடையில் புகுந்தார். "அத்தான், செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கொண்டு போனனான். அந்த ரெண்டாவது பஸ் சொன்ன நேரத்துக்கு வாறதேயில்லை."

"அமெரிக்காவில பஸ்ஸே இல்லையடாப்பா," என்றார் அண்ணை. "கார் இல்லாமல் அங்க ஒருத்தனும் சீவிக்கேலாது. ஏன்? அந்தக் காலத்தில கார்க் கொம்பனிகள்..."

"அத்தான், நான் எங்கட பஸ்ஸைச் சொல்லுறன்."

அண்ணை அவரை வடிவாக உற்றுப் பார்த்தார். காய்ச்சலோ என்று கேட்கப் போகிறவர் மாதிரி. பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு வசனம்தான். அடுத்த பத்தாவது நிமிடம் கணவரும் வட்டி வீதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வசனத்துக்காக அவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தை மாற்றலாமா என்று தண்ணீர் கொதிக்கும் வரை யோசித்தேன். மாற்றுவதற்கு அது காணாது என்று முடிவு செய்தேன். வழக்கமாக ஞாயிறே செவ்வாய்க்கிழமைப் பையில் பிள்ளையின் மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல், திராட்சைப்பழம் எல்லாம் எடுத்துவைக்கிறவள் நான். அன்று பையை வெறுமையாகவே கதவருகில் கொண்டுபோய் வைத்தேன். அவரே அடுக்கட்டும்.